தெறக்கலேன்னா?

புதுக்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பாக ஒரு சிஸ்டர் இருந்தார். அவர் பெயரை எழுத நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால், எழுதினால் என்ன ஆகும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டு, கடைசியில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியில் மற்ற நர்ஸ்களைப் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். வெறும் சிஸ்டர் என்றால் அவர் ஒருவர்தான். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நான் தானியங்கிக் கதவு மாட்டுகிறவன். சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். ஷார்ஜாவில் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கதவு மாட்டிப் பழகி, திரும்பி வந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை போட்டேன். கொரோனா வந்துபோன பிறகு ஜனங்களுக்கு எதையும் தொடப் பயமாக இருந்தது. தொடாமல் திறக்கிற சுவிட்சுக்கு அப்போதுதான் இந்தப் பக்கம் கிராக்கி வந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் இருக்கும். அதில் ஒரு கையின் படம், சுற்றிலும் நீல வெளிச்சம். முன்னால் கையைக் காட்டினால் வெளிச்சம் பச்சையாகும், கதவு திறக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் முதல் தடவை பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். பெரிய பெரிய டாக்டர்களே இரண்டு மூன்று தடவை கையைக் காட்டி விளையாடிவிட்டுத்தான் போவார்கள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. தியேட்டர் வாசலில் இரட்டைக் கதவை மாட்டி முடித்து, ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டரம்மாவுக்கு நான் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். வெள்ளைப் புடவை, கனத்த உடம்பு, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. டாக்டரம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும்வரை பேசாமல் இருந்தார்.

"தம்பி, தெறக்கலேன்னா?"

"தெறக்கும் சிஸ்டர். இப்ப பாத்தீங்கள்ல."

"இப்ப தெறக்குது, அது எனக்கும் தெரியுது. தெறக்கலேன்னா என்ன பண்றது?"

"கரண்ட் போனாலும் பேட்டரி எடுத்துக்கும்."

"பேட்டரியும் போயிருச்சு."

"லேசாத் தள்ளுனாப் போதும். கதவு தானா வந்துரும்."

"எதால தள்ளுறது?"

கையால் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் இரண்டு முழங்கைகளையும் மடக்கி, விரல்களை முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். கை கழுவி முடித்த நர்ஸ் அப்படித்தான் வருவாள், எதையும் தொடமாட்டாள்.

"கரண்ட நிறுத்துங்க, பாப்போம்."

நிறுத்தினேன். அவர் திரும்பி நின்று முதுகால் ஒரு தள்ளுத் தள்ளினார். கதவு திறந்தது. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே போய், இருப்பதிலேயே ஒல்லியான ஒரு நர்ஸ் பெண்ணைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் தன் முழு பலத்தையும் முதுகில் கொடுத்தும் கதவு அசைந்து கொடுத்ததே தவிர திறக்கவில்லை.

"நான் தள்ளுனா எந்தக் கதவும் தெறக்கும். அது கணக்கு இல்ல" என்றார்.

நான் ஏணி போட்டு ஏறி, கதவை மூடுகிற ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். அந்தப் பெண் தள்ளுவதும் நான் தளர்த்துவதுமாக மதியச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது. இறங்கி வந்தபோது டிபன் பாக்ஸ் மூடியில் எலுமிச்சை சாதம் வைத்து என்னிடம் நீட்டினார். அவர் எப்போதும் இரண்டு பேருக்கான சாப்பாடு கொண்டு வருவாராம். யாராவது சாப்பிடாமல் வந்துவிட்டால் என்ன செய்வது?

இதுதான் அவர். அவருக்கு எந்தப் பொருளும் வேலை செய்கிற விதத்தைவிட வேலை செய்யாமல் போகிற விதம் முக்கியம். பையில் இன்னொரு கண்ணாடி, டார்ச், ஊக்கு, உடைத்துப் பிரித்த மாத்திரை அட்டைகள் எல்லாம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வைத்தால் முகூர்த்தம் எப்போது என்று கேட்கமாட்டார், மழை வந்தால் பந்தியை எங்கே போடுவீர்கள் என்று கேட்பார். சின்ன டாக்டர்கள் இரண்டு பேர் அவர் வருவது தெரிந்தால் படிக்கட்டு வழியாக நழுவிவிடுவார்கள். கேன்டீன்காரர் புது கிரைண்டர் வாங்கியதை அவரிடம் மட்டும் மறைத்து வைத்திருந்தார்.

எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்களின் புருஷன்மார்கள் நடுங்கிக்கொண்டே, "எல்லாம் நல்லா நடக்கும்ல சிஸ்டர்?" என்று கேட்பார்கள். நடக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவர் சொல்லமாட்டார். "நடக்கலேன்னா என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும்" என்பார். சிலருக்கு அதைக் கேட்டதும் முகம் வெளுத்துவிடும். சிலர் அதற்குப் பிறகுதான் பெஞ்சில் உட்காருவார்கள்.

கதவு போட்ட சில வாரங்களில் ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, ஒங்க வீட்ல புர்கா இருக்கா?"

"உம்மாவோடது இருக்கு. எதுக்கு சிஸ்டர்?"

"எடுத்துட்டு வாங்க."

உம்மா சந்தேகத்தோடு பெட்டியிலிருந்து பழைய புர்கா ஒன்றை எடுத்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அதை வாங்கி, தன் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, வார்டு வாசலில் நான் மாட்டியிருந்த அதே மாதிரி சுவிட்சுக்கு முன்னால் போய் முழங்கையை நீட்டினார். நீல வெளிச்சம் நீலமாகவே இருந்தது. கையை மாற்றி நீட்டினார். கதவு அசையவில்லை.

"நேத்து ஒங்க ஊருப் பக்கத்து அம்மா ஒண்ணு, பேரப்புள்ளைய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு இங்கன நின்னுச்சு. முழங்கையக் காட்டுது, காட்டுது, கதவு தெறக்கல. தன்னைய மட்டும் உள்ள விடமாட்டேங்குதுன்னு நெனச்சிருச்சு தம்பி. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

அந்த சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அனுப்பி, அது கையில் பட்டுத் திரும்புவதை வைத்து வேலை செய்வது. கறுப்புத் துணி வெளிச்சத்தை விழுங்கிவிடும், திருப்பி அனுப்பாது. ஷார்ஜாவில் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன். இங்கே எப்படியோ மறந்துவிட்டது. அசைவை வைத்து வேலை செய்கிற வேறு வகை சுவிட்சுகளை வரவழைத்து எல்லாக் கதவுகளுக்கும் மாற்றினேன். அது கறுப்பு, வெள்ளை பார்க்காது. ஆனால் அது வேறு மாதிரி அப்பாவி. யார் அந்தப் பக்கம் போனாலும் நம்பித் திறந்துவிடும். தரை துடைக்கிற அக்கா வாளியோடு நடக்க நடக்க, ஒவ்வொரு கதவும் அவருக்கு மரியாதை செய்வது மாதிரி திறந்து வழி விட்டது. "எம் புருஷன்கூட இப்புடிச் செஞ்சதில்ல" என்று அந்த அக்கா சொல்லிச் சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு அது பார்க்கிற தூரத்தைக் குறைத்துச் சரிசெய்தேன்.

அந்த வருடத்திலேயே, ஒருநாள் சாயங்காலம் வார்டில் ஒரு குழந்தை காணாமல் போனது. தாய் கண்ணயர்ந்து எழுந்தபோது தொட்டில் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரி முழுவதும் தேடினார்கள். சிஸ்டர் செருப்பு இல்லாமல் ரோட்டுக்கு ஓடினாராம். ஆட்டோக்களை நிறுத்தி உள்ளே குனிந்து பார்த்தாராம். கடைசியில் குழந்தை கீழே நின்ற ஒரு காரில் இருந்தது. மாடி ஏற முடியாத தாத்தாவுக்குக் காட்டுவதற்காக, யாரிடமும் சொல்லாமல் அத்தைக்காரி எடுத்துப் போயிருக்கிறாள். தாத்தாவின் மடியில் அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண் சிவந்திருந்தது. "வார்டுக்கு உள்ள வரவும் கார்டு, வெளிய போகவும் கார்டு. நர்ஸ் கார்டக் காட்டாம ஒரு ஈ வெளிய போகக் கூடாது. போடுங்க" என்றார்.

சிஸ்டரும் அங்கே இருந்தார். "தீப்பிடிச்சாம்மா?"

"தீப்பிடிச்சா பூட்டுத் தானாத் தெறந்துக்கும். தம்பியக் கேளுங்க."

"தெறக்கலேன்னா? தையல் போட்ட வயித்தோட கெடக்குற புள்ளைங்க புகையில கார்ட எங்கிட்டுப் போய்த் தேடும்?"

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சரி சிஸ்டர். நேத்து அந்தப் புள்ள உண்மையாவே போயிருந்தா? கெடைக்கலேன்னா? அதுக்கு ஒங்ககிட்ட பதில் இருக்கா? அந்தத் தாய்கிட்ட நான் என்ன சொல்லியிருப்பேன்?"

சிஸ்டர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பாதத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இல்லம்மா. எங்கிட்ட பதில் இல்ல" என்றார்.

இரண்டு பேரும் நியாயத்தைத்தான் பேசினார்கள். நான் நடுவில் கைகட்டி நின்றேன். இரண்டு நாள் கழித்து சிஸ்டரே கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பூப்போட்ட புடவையில் வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"போறவங்களத் தடுக்க வேணாம் தம்பி. ஆனா சத்தமில்லாமப் போகக் கூடாது. அப்புடி ஏதும் இருக்கா?"

இருந்தது. வெளியிலிருந்து உள்ளே வர கார்டு. உள்ளேயிருந்து போகிறவர்கள் கையைக் காட்டினால் போதும். ஆனால் காட்டியதும் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும், ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்துத்தான் கதவு திறக்கும். மேசையில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்க அது போதும். டாக்டரம்மாவிடம் சொல்லி, மாட்டிக் காட்டினோம். அவர் வார்டுக்கு வந்து, ஒரு தலையணையைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தானே வெளியே போய்ப் பார்த்தார். மணி அடித்தது. மூன்று நர்ஸ்கள் ஒரே நேரத்தில் அவர் கையைப் பிடித்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மணிச்சத்தம் பகல் முழுவதும் அடித்து எல்லோருடைய உயிரையும் வாங்கியது. ஆனால் ஒரு மாதத்துக்குள், பிரசவமாகி இரண்டாம் நாள் ஒரு சின்னப் பெண், வீட்டில் விட்டு வந்த மூத்த குழந்தையின் ஞாபகம் தாங்காமல் தானாக எழுந்து வெளியே நடந்திருக்கிறாள். மணி அடித்து சிஸ்டர் எட்டிப் பார்த்தபோது, அவள் தலை சுற்றி, படிக்கட்டின் விளிம்பில் ஆடிக்கொண்டு நின்றாள். சிஸ்டர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். மூத்த குழந்தையை அன்றே வரவழைத்து அவள் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். பிறகு மணியை யாரும் திட்டவில்லை.

அடுத்த வருடம் நானும் அதே பெஞ்சில் உட்கார வேண்டி வந்தது. என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. காலையில் வலி எடுத்துக் கூட்டிப் போனோம். உச்சிப் பொழுதில் குழந்தையின் நாடித்துடிப்பு இறங்குகிறது என்றார்கள். கையெழுத்து வாங்கினார்கள். ஸ்ட்ரெச்சர் நான் மாட்டிய கதவு வழியாக உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. உம்மா தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு துஆ ஓத ஆரம்பித்தது.

சிஸ்டர் உள்ளே போகும்போது நான் எல்லாப் புருஷன்மார்களையும் போல அவரைப் பார்த்தேன். எனக்கு அவர் என்ன சொல்வார் என்று தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"நல்லா நடக்கும்ல சிஸ்டர்?"

அவர் நின்றார். "எல்லாம் எடுத்து வச்சிருக்கேன் தம்பி. ரத்தம் இருக்கு, கொழந்த டாக்டர் வந்துட்டாரு, ஆக்சிஜனப் பாத்துட்டேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த ஸ்பிரிங்கையும், ஒல்லியான நர்ஸையும், புர்காவையும் நினைத்துக்கொண்டேன். ஒரு கதவுக்கே அவ்வளவு பார்த்தவர் என் மனைவிக்கு எவ்வளவு பார்த்திருப்பார் என்று நினைத்தபோது பெஞ்சில் முதுகைச் சாய்க்க முடிந்தது. நடக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு அது போதாமல் இருந்திருக்கும்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. உள்ளே குழந்தையின் அழுகை கேட்டது. நான் எழுந்து கதவுக்கு நேரே நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் வந்து நிற்பது கண்ணாடியில் நிழலாகத் தெரிகிறது, அப்போதும் திறக்கவில்லை. அழுகை கதவுக்கு அந்தப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பின்மண்டையும் அகலமான முதுகும் கதவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தன. சிஸ்டர் முழுதாகத் திரும்பினார். கையில் துணிப் பொட்டலம்.

"ஒங்க கதவு தெறக்கல தம்பி" என்றார். "பொம்பளப் புள்ள. தாயும் நல்லா இருக்கு."

உம்மா அழுதது. நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை என் மனைவிக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தின நாள் உள்ளே பெயின்ட் அடித்தவர், சுவிட்சில் கறை படாமல் இருக்க அலுமினியத் தாள் ஒட்டியவர், போகும்போது அதை உரிக்க மறந்திருந்தார். சாயங்காலம் நானே உரித்துப் போட்டேன்.

சிஸ்டர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. குடுமியான்மலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர், தம்பி குடும்பத்தோடு வசித்தார் என்பது மட்டும் தெரியும். அவருடைய கேள்வியைக் கேட்டால் எந்த மாப்பிள்ளையும் எழுந்து ஓடியிருப்பான் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள்.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மீமிசலிலிருந்து ஒருவர் தன் மகளைப் பிரசவத்துக்குக் கொண்டு வந்தார். ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவர், மனைவியை இழந்து பல வருடம் ஆனவர். அன்று கதவுகளைப் பார்க்க நானும் போயிருந்தேன். சிஸ்டர் அவரிடம் வந்து, "அய்யா, ரத்தம் தேவப்பட்டா?" என்று ஆரம்பித்தார்.

"அதே குரூப் ஆளுங்க கீழ வேன்ல இருக்காங்கம்மா" என்றார் அவர்.

"அவங்க சாப்புட்டாங்களா? வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்."

"இட்லி வாங்கிக் குடுத்துட்டேன். ஒருத்தருக்கு மயக்கம் வரும்னாரு. அவருக்குப் பதிலா இன்னொருத்தரும் வந்திருக்காரு."

சிஸ்டர் மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லாமல் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு அவரை ஒரு தடவை பார்த்தார்.

ரத்தம் தேவைப்படவில்லை. சுகப் பிரசவம். பிறகு அந்த மனிதர் மகளைக் காட்ட, குழந்தைக்குத் தடுப்பூசி போட என்று வரும்போதெல்லாம் ஐஸ் போட்டு நண்டும் மீனும் கொண்டு வந்தார். சிஸ்டர் ஓய்வு பெற்ற பிறகும் மீன் வந்துகொண்டிருந்தது, வீட்டுக்கு. பேச்சைத் தொடங்கியது அந்த மகள்தான் என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் போன் வந்தது. "தம்பி, வர்ற வியாழக்கெழம அறந்தாங்கிக்கு வரணும். ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட."

"யாருக்கு சிஸ்டர்?"

"எனக்குத்தான்" என்றார்.

டாக்டரம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். தரை துடைக்கிற அக்கா மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தது. சிஸ்டர் தலை நிறையப் பூவோடு, அரக்குப் பட்டில், யாரையும் நேராகப் பார்க்காமல் நின்றார். அவர் புருஷனின் மகள் கைக்குழந்தையைத் தூக்கி சிஸ்டரிடம் கொடுத்து, "அப்பத்தாகிட்ட போ" என்றது. அம்மாச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பதற்றத்தில் முறை மாறிவிட்டது. யாரும் திருத்தவில்லை.

போன மாதம் உம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனபோது, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மீமிசலுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தேடிக்கொண்டு போனோம்.

கடலுக்குப் போகிற தார் ரோட்டில் சிஸ்டர் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். பேட்டரி ஸ்கூட்டர், சத்தமே இல்லை. புடவையை இழுத்துச் செருகியிருந்தார். அவர் புருஷன் பின்னால் ஓடி வந்து, முடியாமல், இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். சிஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் வண்டி நிற்கவில்லை.

"தம்பி, நிறுத்த இன்னும் பழகல. நில்லுங்க, சுத்திக்கிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிக் கடல் பக்கம் போனார்.

அவர் புருஷன் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். "பிரேக்க நாளைக்குச் சொல்லித் தரலாம்னு இருந்தேன்" என்றார். "அது வரைக்கும் பொறுக்க முடியாதுன்னுட்டாங்க."

நாங்கள் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். படகுகள் நிற்கிற இடத்தில் ரோடு அகலமாகும். அங்கே அவர் பெரிதாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பி, இன்னும் கொஞ்சம் வேகமாக, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.